தலைப்பெழுத்தும் கடவுச்சீட்டும்

நாடுவிட்டு நாடு செல்வோர் கையில் இருக்கவேண்டிய சிறு சுவடிக்குத் தமிழில் இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் அது கடவுச்சீட்டு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கடப்பிதழ். இரண்டும் ‘கட’ என்னும் ஒரே அடியிற் பிறந்தவை. கடவு என்பது வழி. மலையாளத்தில் தோணித்துறைக்குக் கடவு என்றே பெயர். சொல் எதுவாயினும், பத்தாண்டுக்கொரு முறை அச்சுவடியைப் புதுப்பிக்கவேண்டிய நிலை வரும்போதுதான் அயல்நாட்டில் வாழும் தமிழர் பலர் தம் பெயரைப் பற்றி முதன்முதலாக எண்ணிப் பார்க்கின்றனர்.

பினாங்கு மாநிலத்தின் தலைநகராகிய ஜார்ஜ் டவுனில் வாழும் இந்தியக் குடிமகன் ஒருவரை எடுத்துக்கொள்க. அந்நகரில் அயல்நாட்டுத் தூதரகங்களுக்குக் குறைவில்லை. தாய்லாந்து, இந்தோனேசியா முதலிய நாடுகளுக்கு அங்கே துணைத்தூதரகங்கள் உண்டு. சீனப் பேரரசின் துணைத்தூதராக 1890களில் பினாங்கில் இருந்த சியோங் பாட் சீ என்னும் பெருஞ்செல்வரின் நீலநிற மாளிகை இன்றும் லீத் தெருவில் காண்பார் கண்ணைக் கவர்ந்து நிற்கிறது. இந்தியாவின் தலைமைத் தூதரகமோ கோலாலம்பூரில் உள்ளது. காமன்வெல்த் நாடுகள் தம்முள் தூதரகத்தை ‘ஹை கமிஷன்’ என்று வழங்குவது மரபு. ஆகவே பினாங்கு வாசி படகேறிப் பட்டர்வொர்த் சென்று, அங்கிருந்து இரயிலில் தெற்கே போகவேண்டியவராகிறார். அப்பயணமும் செலவும் ஒரு பொருட்டல்ல. நிழற்படமும் கட்டணமும் எளிதில் அமைந்துவிடும். விண்ணப்பத்தில் உள்ள முதல் இரண்டு கட்டங்களிலேயே தொல்லை தொடங்குகிறது. ஒன்று குடும்பப்பெயர் கேட்கிறது. மற்றொன்று இடுபெயர் கேட்கிறது. அதனோடு, தலைப்பெழுத்து எழுதலாகாது, விரித்தெழுதுக என்னும் குறிப்பும் உடன் நிற்கிறது.

குடும்பப்பெயர் என்பது தமிழர் பெரும்பாலார்க்கு இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தன் பெயருக்கு முன் இட்டுக்கொள்வதே வழக்கம். பெருமாள் மகன் முருகன் ‘பெ. முருகன்’ ஆகிறான், அவன் மகன் குமரன் ‘மு. குமரன்’ ஆகிறான். இரண்டு தலைமுறையில் பெருமாளின் அடையாளம் பெயரிலிருந்து மறைந்துவிடுகிறது. மேலைநாட்டார் பெயர்முறையில் குடும்பப்பெயர் ஆறு போல ஓடிக்கொண்டே இருக்கும். தமிழர் பெயர்முறையோ சங்கிலிக் கண்ணிகள் போன்றது. ஒவ்வொரு கண்ணியும் தனக்கு முந்திய ஒன்றையே பற்றி நிற்கும். உலகப் படிவங்கள் ஆற்றை நோக்கி வரையப்பட்டவை.

கடவுச்சீட்டு என்னும் கருத்துப் பழையதே. கௌடிலியரின் அர்த்தசாத்திரம் முத்திராத்தியட்சன் என்னும் அலுவலனைக் கூறுகிறது. ஒரு மாஷம் பெற்றுக்கொண்டு வழிமுத்திரை தருவது அவன் தொழில். முகலாயர் காலத்தில் வழியனுமதிக்கும் வழித்தீர்வைக்கும் ‘ராஹ்தாரி’ என்று பெயர் இருந்தது. ஆயினும் பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில் புலிமுத்திரை பொறிக்கப்பட்டது பண்டத்தின்மீதுதான், ஆளின்மீதன்று. ஆளுக்கே முத்திரையிடும் வழக்கம் முதல் உலகப்போருக்குப் பின்னரே உலகெங்கும் நிலைத்தது. 1920இல் பாரிசு நகரில் உலக நாடுகள் சங்கத்தின் சார்பில் கூடிய மாநாடு, கடவுச்சீட்டு 32 பக்கம் கொண்ட கெட்டியட்டைச் சுவடியாக இருத்தல்வேண்டும் என வரையறுத்தது. இந்தியாவிலும் அதே ஆண்டில் கடவுச்சீட்டுச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது.

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்குத் துறையில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர்க்கோ இச்சுவடி எதுவும் இருந்ததில்லை. ஜெரஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமில் தங்கவைக்கப்பட்டுப் பின் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்ட அவர்கள் பெயரை எழுத்தர் ஒருவர் கேட்டு ஆங்கில எழுத்தில் எழுதினார். கேட்ட ஒலியே பெயராயிற்று. ‘இன்னார் மகன்’ என்பதைக் குறிக்க ஆங்கிலத்தில் இரண்டெழுத்துக் குறி ஒன்று இடையில் இடப்பட்டது. தலைப்பெழுத்தினும் இக்குறி ஒருவகையில் நன்று. தந்தை பெயரை முழுமையாகக் காத்தது. மலாய் மொழி ஆட்சிமொழியான பின் அக்குறி ‘அனாக் லெலாக்கி’ (ஆண்மகவு) என்பதன் சுருக்கமாகவும், பெண்டிர்க்கு ‘அனாக் பெரம்புவான்’ என்பதன் சுருக்கமாகவும் மாறியது. மலேசியத் தமிழர் அடையாள அட்டையில் இன்றும் நிற்பவை இவையே. சிங்கப்பூர் பழைய ஆங்கிலக் குறியைக் கைவிடவில்லை.

தொழிலாளர்க்குப் புறம்பாக, கடலைக் கடந்து போவதும் வருவதுமாய் இருந்த வணிகரும் பினாங்கில் மிகுதி. செட்டிநாட்டார், கடையநல்லூர் முசுலிம்கள், இராமநாதபுரத்துக் கடைக்காரர் எனப் பலதிறத்தார். 1926 முதல் 1973 வரை ஓடிய ‘ரஜூலா’ கப்பல் இவர்களுக்கு ஊர்ப்பேருந்து போன்றதாயிற்று. முதலில் அவர்தம் வரவு செலவுக்குத் தடை ஏதுமில்லை. 1938இல் இந்திய அரசு உதவிபெற்றுச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியது. 1953 ஆகஸ்டு 1இல் மலாயாவில் புதிய குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் வாயில் குறுகிற்று. ஊருக்குப் போன ஒருவர் திரும்பி வரவேண்டுமெனில், தாம் முன்னர் இங்கிருந்தவரே என்பதைத் தாளில் மெய்ப்பிக்கவேண்டியதாயிற்று. பெயர் வேறுபட்டால் ஆள் வேறுபட்டதாகவே கருதப்பட்டார்.

யார் எந்நாட்டுக் குடி என்னும் கேள்வியும் அக்காலத்தே எழுந்தது. பினாங்கு 1826 முதல் நீரிணைக் குடியேற்றங்களில் ஒன்று. ஆகவே அத்தீவிற் பிறந்தவர் பிரிட்டிசுக் குடிகள். தமிழ்நாட்டிற் பிறந்து வந்தோர்க்கு இந்திய அரசியற் சட்டத்தின் 8ஆம் உறுப்பு ஒரு வழி திறந்துவைத்தது. தாமோ, பெற்றோருள் ஒருவரோ, பாட்டன் பாட்டியருள் ஒருவரோ பிரிவினைக்கு முந்திய இந்தியாவிற் பிறந்திருப்பின், வாழும் நாட்டிலுள்ள இந்தியத் தூதரிடம் பதிந்துகொண்டு இந்தியக் குடியாகலாம் என்பது அதன் கருத்து. அச்சட்டத்தின் பெரும்பகுதி 1950 ஜனவரி 26இல் நடப்பிற்கு வந்ததாயினும், குடிமை பற்றிய உறுப்புகள் 1949 நவம்பர் 26 அன்றே நடப்பிற்கு வந்துவிட்டன என்பதை ஈண்டுக் குறிப்பிடலாம். கடல் கடந்தவனுக்குக் குடிமை தரும் அதிகாரம் தூதரக மேசைக்கு வந்தது இங்ஙனமே. 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை, தன் நாட்டார்க்குக் கடவுச்சீட்டு வழங்குவதைத் துணைத்தூதரகப் பணிகளுள் ஒன்றாக உலகப் பொதுவில் எழுதிவைத்தது.

கடவுச்சீட்டு அரசின் அருட்கொடையா, குடிமகனின் உரிமையா என்பதும் நெடுநாள் தெளிவாக இல்லை. 1967 ஏப்ரலில் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், அயல்நாடு செல்லுதல் தனிமனித உரிமையில் அடங்கும் எனவும், சட்டத்தின் துணையின்றி அரசு தன் விருப்பம்போல் கடவுச்சீட்டை மறுத்தல் கூடாது எனவும் தீர்ப்பளித்தது. அதனைத் தொடர்ந்தே அவ்வாண்டு ஜூனில் இன்றுள்ள கடவுச்சீட்டுச் சட்டம் வந்தது.

இனிப் ‘புதுப்பித்தல்’ என்னும் சொல்லை நோக்குக. பழைய இந்தியச் சுவடிகளில் புதுப்பிப்புக்கென்றே ஒரு பக்கம் இருந்தது. தூதரக அலுவலர் அதில் காலத்தை நீட்டி எழுதி, ஒப்பமிட்டு, முத்திரை குத்தித் தருவார். சுவடி அதுவே, எண்ணும் அதுவே. அது மெய்யாகவே புதுப்பித்தல். இன்று நடைபெறுவது அதுவன்று. காலம் முடிந்த சுவடி நீக்கப்பட்டு, வேறு எண்ணோடு வேறு சுவடி பிறக்கிறது. அரசின் படிவமும் ‘மறுவெளியீடு’ என்றே இதனைக் கூறுகிறது. மக்கள் வாயில் பழஞ்சொல் நின்றுவிட்டது. இவ்வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. கால நீட்டிப்பில் பெயரை யாரும் மீண்டும் எழுதுவதில்லை. மறுவெளியீட்டில் பெயர் ஒவ்வொரு முறையும் மீண்டும் எழுதப்படுகிறது. பிழை புகுவதற்கு வாயில் அதுவே.

கையால் எழுதிய சுவடிகள் நெடுங்காலம் ஒருவாறு ஓடின. எழுத்தர் கையெழுத்தில் தலைப்பெழுத்துக்கும் இடமுண்டு. நீண்ட பெயரைச் சற்று நெருக்கி எழுதவும் கூடும். பின்னர் எந்திரம் படிக்கும் கடவுச்சீட்டு வந்தது. பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு அதன் இலக்கணத்தை 1980இல் வெளியிட்டது. எந்திரம் படிக்கவியலாத சுவடிகளுக்கு 2015 நவம்பர் 24ஐக் கடைசி நாளாக வைத்தது. கையெழுத்துச் சுவடியோடு இருந்த முதியோர் பலர் அக்காலத்தில் தூதரகத்தை நாடவேண்டியதாயிற்று. பெயர் பற்றிய குழப்பங்களும் அப்போது வெளிப்பட்டன.

எந்திரத்தின் இலக்கணம் மிகக் கண்டிப்பானது. சுவடியின் நிழற்படப் பக்கத்தின் அடியில் இரண்டு வரிகள். வரிக்கு 44 இடங்கள். முதல் வரியில் ஐந்து இடங்களை ஆவணக் குறியும் நாட்டுக் குறியும் கொள்ள, பெயருக்கு எஞ்சுவன 39. அவற்றில் நிற்கக்கூடியவை ஆங்கில நெடுங்கணக்கின் 26 எழுத்துகளும் இடைவெளி காட்டும் குறியொன்றுமே. கல்யாணசுந்தரம் மகன் மீனாட்சிசுந்தரம் என்று ஒருவர் இருப்பின், மகன் பெயருக்கு 17 எழுத்து, தந்தை பெயருக்கு 15, நடுவில் பிரிக்கும் குறி இரண்டு, ஆக 34. ஐந்து இடம் மிச்சம். ஊர்ப்பெயரும் சேரவேண்டும் என்றால் முடிந்தது கதை. செட்டிநாட்டு வணிகர் தம் கடைக்கு வைத்துக்கொள்ளும் விலாசத்தில் பாட்டன், தந்தை எனப் பலர் பெயரின் முதலெழுத்துகள் அணிவகுத்து நிற்கும். பினாங்குத் தெருவின் வட்டிக்கடைகளில் அவ்வெழுத்துகளுக்குப் பொன்போல் மதிப்பு. எந்திரத்தின் முன் அவை செல்லாக்காசு.

தலைப்பெழுத்தைப் படிவங்கள் ஏற்காமைக்கு நியாயமும் இல்லாமல் இல்லை. தமிழில் தலைப்பெழுத்து ஓர் அசையைக் காட்டும். ‘சு’ வேறு, ‘சா’ வேறு, ‘செ’ வேறு. ஆங்கிலத்தில் எழுதும்போது இவை யாவும் ‘எஸ்’ என்னும் ஓரெழுத்தில் அடங்கிவிடுகின்றன. சுப்பையா மகனும், சாமிநாதன் மகனும், செல்லப்பன் மகனும் ஒரே எழுத்தைத் தாங்கி நிற்பர். ககரத்திற்கோ ‘கே’யும் ‘ஜி’யும் என இரண்டு எழுத்துகள், ஒரே தந்தையின் இரு மக்கள் வெவ்வேறு தலைப்பெழுத்தோடு இருப்பதும் நேரும். அயலான் ஒருவன் இதனை எவ்வாறு பிரித்தறிவான்?

விரித்தெழுதலாம் எனின், எந்தக் கட்டத்தில் எழுதுவது? இங்கேதான் விண்ணப்பிப்போர் பிரிகின்றனர். தந்தை பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் இடுவோர் ஒரு சாரார். அவ்வாறு செய்தால், விமான நிலையத்தில் ‘திரு. பெருமாள்’ என்று அழைக்கப்படுபவர் முருகனாகவே இருப்பார். காலமான தந்தையை யாரோ கூவி அழைப்பது போன்ற உணர்வு அவர்க்கு உண்டாகும். குடும்பப்பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டு, இரண்டு பெயரையும் இடுபெயர்க் கட்டத்திலேயே எழுதுவோர் மற்றொரு சாரார். தந்தை பெயரையே விட்டுவிட்டு ‘முருகன்’ என்று மட்டும் எழுதினோரும் உளர். இந்திய விதிகள் ஒற்றைப்பெயரை மறுப்பதில்லை. தொல்லை பிற நாடுகளின் வாயிலில் நேர்கிறது. அமெரிக்க விசாவில் இத்தகையோர்க்கு, ‘முதற்பெயர் அறியப்படவில்லை’ எனப் பொருள்படும் மூன்றெழுத்துக் குறி இடப்படுவதுண்டு. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப்பெயருடைய பயணிகளைச் சுற்றுலா விசாவில் ஏற்பதில்லை என அறிவித்துப் பலரைத் திகைக்க வைத்தது. பின்னர், சுவடியின் பிற்பக்கத்தில் தந்தை பெயரேனும் குடும்பப்பெயரேனும் இருப்பின் ஏற்கலாம் எனத் தளர்த்தியது. மூன்று வழிகளுள் முதல் வழியே, செவிக்கு எவ்வளவு முரணாயினும், பிற்காலத்தில் குறைந்த தொல்லை தருவது. ஆயினும் ஒரு வழியை மேற்கொண்டோர் பத்தாண்டு கழித்து வேறு வழிக்கு மாறுவது எல்லாவற்றினும் தீது.

பினாங்கில் இத்தொல்லைக்கு மற்றொரு முகமும் உண்டு. மலேசியாவில் குடிமக்களுக்கு நீல அடையாள அட்டை. நிலைவாசிகளுக்குச் சிவப்பு அட்டை. ஐம்பது அறுபது ஆண்டாக அங்கே வாழ்ந்தும் இந்தியக் குடிமையை விடாத முதியோர் சிவப்பு அட்டை உடையோர். அவ்வட்டையில் பெயர் மலாய் முறையில், மகன் என்னும் குறி நடுநிற்க எழுதப்பட்டிருக்கும். இந்தியச் சுவடியிலோ அக்குறி இல்லை. பெயரின் வரிசையும் மாறியிருக்கும். எழுத்துக்கூட்டலும் ஒத்திராது. இலட்சுமி என்னும் பெயரைத் தமிழ்நாட்டார் வடமொழி ஒலியைக் கருதிக் ‘கே, எஸ், எச்’ என்னும் எழுத்துகளால் எழுதுவர். மலேசியத் தமிழரோ வாயில் வழங்கும் டகர சகர ஒலியைக் கருதி ‘டி, சி, எச்’ என எழுதுவர். சின்னசாமி அங்கே ‘சி’ என்னும் எழுத்தில் தொடங்கினால் இங்கே ‘எஸ்’ என்னும் எழுத்தில் தொடங்குவார். ழகரம் படும் பாட்டைச் சொல்லவேண்டியதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி அதற்கு அடிக்கோடிட்ட எழுத்தொன்றை வைத்தது. எந்திர வரியில் அடிக்கோட்டுக்கு இடமில்லை. மலேசிய எழுத்துக்கூட்டலைக் கொச்சை எனத் தமிழ்நாட்டார் எள்ளுவதுண்டு. அது தவறு. இலட்சுமி என்னும் சொல்லில் தமிழர் நா பலுக்கும் ஒலி எதுவோ அதனையே அவ்வெழுத்துகள் காட்டுகின்றன. மொழிநூல் நோக்கில் அதுவே உண்மைக்கு நெருங்கியது.

தூதரக மேசைக்கு மொழிநூல் பொருட்டன்று. இரண்டு ஆவணங்களும் ஒருவரையே குறிக்கின்றன என்பது அங்கே மெய்ப்பிக்கப்படவேண்டும். இதற்கென ‘இருபெயரும் ஒருவர்க்கே உரியன’ என உறுதிமொழித் தாள் எழுதி, ஆணையர் முன் ஒப்பமிட்டு இணைப்பர். மலேசியாவில் இத்தகைய உறுதிமொழிகளுக்கு 1960ஆம் ஆண்டுச் சட்டமொன்று உண்டு. பெயரிலேயே பெருமாற்றம் வேண்டுவோர் நாளிதழில் விளம்பரம் செய்து, அந்த நறுக்கையும் சேர்த்துத் தரும் வழக்கமும் உண்டு. ஓய்வூதியம், வங்கிக் கணக்கு, தமிழ்நாட்டிலுள்ள பூர்விக நிலத்தின் பட்டா ஆகியவை ஒரு பெயரிலும், கடவுச்சீட்டு மற்றொரு பெயரிலும் நிற்குமாயின், உரியவர் காலத்தில் சரிசெய்யாததை அவர் மக்கள் நீதிமன்றத்தில் சரிசெய்யவேண்டியிருக்கும்.

பெண்டிர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. மணத்துக்குமுன் தந்தையின் எழுத்து. மணத்துக்குப்பின் கணவன் எழுத்து. பள்ளிச் சான்றில் ஒன்றும், சுவடியில் ஒன்றும், பிள்ளையின் பிறப்புச் சான்றில் மூன்றாவதொன்றுமாக ஒரே பெண் மூவராகிவிடுகிறாள். மணத்தால் பெயரை மாற்றவேண்டும் என்னும் கட்டாயம் சட்டத்தில் இல்லை. மலேசிய முறையில் மகள் என்னும் குறியோடு தந்தை பெயர் வாழ்நாள் முழுதும் நிற்பதால், அந்நாட்டுத் தமிழ்ப் பெண்டிர்க்கு இத்தொல்லை குறைவு.

உணவுக்கடை, முடிதிருத்தகம், கட்டடப்பணி முதலியவற்றிற்கு ஒப்பந்தத்தில் வந்த இளைஞர்க்கோ பெயரினும் சுவடியே முதற்கவலை. அவர்தம் வேலை அனுமதி சுவடியைச் சார்ந்தது; சுவடியின் காலம் முடிந்தால் அனுமதியை நீட்டிக்க இயலாது. மலேசியாவில் நுழைவோர் சுவடிக்கு ஆறு மாதமேனும் எஞ்சியிருக்கவேண்டும் என்பதும் விதி. ஆகவே கடைசி ஓராண்டு தொடங்கியதுமே விண்ணப்பித்தல் அறிவுடைமை. இந்திய விதியும் அதற்கு இடந்தருகிறது. நீக்கப்பட்ட பழஞ்சுவடியை எறிந்துவிடலாகாது. காலம் முடியாத அனுமதி அதில் ஒட்டியிருக்கக்கூடும். இரண்டு சுவடியையும் சேர்த்தே எடுத்துச் செல்லவேண்டும். சுவடியை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வதை இயல்பென்றே பலர் எண்ணுகின்றனர். மலேசியாவின் 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி, பிறர் சுவடியைச் சட்ட உரிமையின்றி வைத்திருப்பது குற்றம். சுவடி இந்திய அரசின் உடைமை எனவும் அதிலேயே அச்சிடப்பட்டுள்ளது. தொழிலாளியே அதனை அடகுவைக்க உரிமையற்றவன் எனின், முதலாளிக்கு உரிமை எங்கிருந்து வரும்? சுவடி அறவே இழந்துபோனால், தாய்நாடு திரும்புவதற்கு மட்டும் பயன்படும் ஒருவழிச் சான்றைத் தூதரகம் தரும். அது கொண்டு மீண்டும் பினாங்கில் வந்திறங்க இயலாது.

இந்தியப் பெற்றோர்க்குப் பினாங்கில் பிள்ளை பிறந்தால் பெயர் முதன்முதல் எழுதப்படும் இடம் மலேசியப் பதிவகம். அங்கே பிறந்தமை ஒன்றாலேயே மலேசியக் குடிமை வந்துவிடாது. இந்தியக் குடிமையும் தானே வருவதன்று. 2004 டிசம்பர் 3ஆம் நாள் முதல் உள்ள சட்டப்படி, அயல்நாட்டிற் பிறந்த பிள்ளையை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதியவேண்டும். பிள்ளைக்கு வேறு நாட்டுக் கடவுச்சீட்டு இல்லை எனப் பெற்றோர் எழுதித் தரவேண்டும். ஓராண்டு கடந்தால் நடுவணரசின் இசைவு வேண்டும். பதிவகத்து எழுத்தர் மலாய் முறையில் எழுதிய பெயரை மூலமாகக்கொண்டே தூதரகத்துப் பதிவு அமைகிறது. அதிலிருந்து பிள்ளையின் முதற்சுவடி. அதன் காலம் ஐந்தாண்டு. அச்சுவடியிலிருந்து பள்ளியின் சேர்க்கை ஏடு. ஆசிரியர் அந்த ஏட்டில் பழக்கத்தால் தந்தை பெயரைச் சுருக்கி ஓரெழுத்தாக எழுதினால், அப்பிள்ளை பதினெட்டு வயதில் பத்தாண்டுச் சுவடிக்கு விண்ணப்பிக்கும் நாளில் அவ்வெழுத்து எதனைக் குறிக்கிறது என்பதை மீண்டும் கோலாலம்பூரில் விளக்கவேண்டியிருக்கும்.